சும்மா உட மாட்டனுங்க

எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. அந்தச் சொல் ஊர் எல்லையில் 'நன்றி, மீண்டும் வருக' என்று எழுதிய பலகையிலும், விழா மேடையில் கடைசியாகப் பேசுகிறவர் வாயிலும் மட்டும் இருக்கும். (அவர் பேசும்போது கூட்டம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்.) சந்தேகம் இருந்தால், வீட்டில் யாராவது தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும்போது "நன்றி" என்று சொல்லிப் பாருங்கள். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

அதற்குப் பதிலாக எங்களிடம் போசி இருக்கிறது. போசி என்றால் பாத்திரம். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு போசியில் குழம்பு வந்தால், அந்தப் போசி வெறுமனே திரும்பிப் போகக் கூடாது. ஒன்றுமே இல்லாவிட்டால் நாலு முருங்கைக்காயாவது உள்ளே கிடக்க வேண்டும். "வாங்கிட்டு வெறும் போசியக் குடுத்தா, இதோட முடிஞ்சுதுன்னு அர்த்தம் கண்ணு" என்பார் அம்மா. முடியவே கூடாது என்பதுதான் ஏற்பாடு.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான், பிரெஞ்சு மொழியில் ஒருவருக்கு நன்றி சொல்லப் போய் அடைந்த கதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பா மினி டெம்போ ஓட்டுகிறார். அம்மா நூல் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தவர். மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்து முதல் வாஷிங் மிஷினோடு வரும் புத்தகம் வரை எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். 'எனக்குத் தெரியலை' என்று சொல்லும் உரிமை எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை. தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டு, அது தப்பாகப் போகிறதா என்று காலை ஆட்டிக்கொண்டே காத்திருப்பது என் பிழைப்பாகிவிட்டது. (உட்கார்ந்தால் என் கால் தானாக ஆடும். அம்மா அதை வீட்டுக்கு ஆகாது என்பார். கம்பெனியில் மேனேஜர், அது மேசைக்கு ஆகாது என்பார்.)

பொறியியல் முடித்து, பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் சேர்ந்தேன். எங்கள் கம்பெனிக்கும் பிரான்சில் ஒரு கம்பெனிக்கும் தொடர்பு உண்டு. அங்கே ஆறு மாதப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா பேக்கரியில் சொன்னார். எங்கள் ஊரில் பேக்கரியில் டீ குடிக்கும்போது சொன்ன விஷயம் நடந்து முடிந்ததற்குச் சமம். மறுநாளே ஒருவர் என்னை வழியில் நிறுத்தி, "தம்பி எப்பங்க ஃபாரின் கெளம்பறீங்க?" என்று கேட்டார். பாஸ்போர்ட்டுக்கு நான் இன்னும் போட்டோகூட எடுத்திருக்கவில்லை.

போயே ஆக வேண்டும் என்றானது. பீளமேட்டில் ஒரு மாடியில் சாயங்கால பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். மிஸ்ஸுக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். கண்டிப்பில் எங்கள் தலைமையாசிரியரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். நானோ பாடத்தை முந்திக்கொண்டு ஓடுகிற ரகம்.

"மிஸ், ஒருத்தரு நமக்கு நல்லது செஞ்சுபோட்டாருங்க. நானும் உங்களுக்குத் திருப்பிச் செய்வேன்னு சொல்லோணும். அதுக்கு என்னங்க மிஸ்?"

"அதெல்லாம் அப்புறம் வரும் பூபதி. இப்ப நாம மார்க்கெட்ல இருக்கோம். முதல்ல தக்காளி வாங்கி முடிங்க."

தக்காளி வாங்கினேன். திரும்பி வரும் பஸ்ஸில், பிரெஞ்சில் நன்றி சொல்லிப் பழகிப் பார்ப்பதற்காகக் கண்டக்டர் டிக்கெட் கொடுத்ததும் "மெர்சி" என்றேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "மெர்சியா? அந்த ஸ்டாப் இந்த ரூட்ல வராதுங்களே. எறங்கி வேற வண்டி ஏறிக்குங்க" என்று விசில் ஊதிவிட்டார். (இறங்கினேன். விளக்கிச் சொல்லும் அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது.)

இந்த நிலையில்தான் பிரான்சிலிருந்து பெர்னார் வந்து இறங்கினார். பயிற்சிக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பவர் அவர்தான். ஆறடிக்கு மேல் உயரம், மெதுவான பேச்சு, அளவாக ஆங்கிலம். மேனேஜர் என்னை அவர் முன்னால் தள்ளி, "இவன் பிரெஞ்ச் பேசுவான்" என்று அறிமுகம் செய்தார். தக்காளி விஷயம் மட்டும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

மறுநாள் மதியம் முதலாளியும் பெர்னாரும் பார்க்கப் புதுப் பம்பை ஓட்டிக் காட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. பதற்றத்தில் ஹோஸை மாட்டியவன் அதன் கிளாம்பை முறுக்க மறந்துவிட்டேன். சுவிட்சைப் போட்டதும் ஹோஸ் பிய்த்துக்கொண்டு வந்து, முதலாளியின் வெள்ளைச் சட்டையை நடு மார்பில் குறிபார்த்து அடித்தது. பம்பின் வேகத்தைப் பற்றி அதன்பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் என் சம்பளம், பயிற்சி, பேக்கரி எல்லாம் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தன.

அப்போது பெர்னார் ஒரு எட்டு முன்னால் வந்து ஆங்கிலத்தில், "மன்னிக்கணும். அந்தக் கிளாம்பை நான்தான் தொட்டுப் பார்த்தேன்" என்றார்.

அவர் தொடவே இல்லை. அது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். முதலாளி சிரித்துவிட்டார். விருந்தாளி செய்த தப்பு எங்கள் ஊரில் தப்பே அல்ல. போதாததற்கு அன்று சாயங்காலம் பெர்னார் என்னைக் கூப்பிட்டு, மூடியில் பூனைப் படம் போட்ட ஒரு தகர டப்பாவைக் கையில் கொடுத்தார். அவருடைய மனைவி வீட்டில் சுட்ட பிஸ்கட். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்.

அம்மா பிஸ்கட்டை ஒருமுறையும் டப்பாவைப் பலமுறையும் பார்த்தார்.

"நாளைக்கு அவரு போறாரில்ல? டப்பாவ வெறுமனயா குடுப்பாங்க? ஒப்புட்டுப் போட்டுத் தாரேன். நீ வாயத் தொறந்து ரெண்டு வார்த்த சொல்லிக் குடு. இன்னைக்கு நீங்க செஞ்சீங்க, நாளைக்கு நாங்க செய்வோம்னு சொல்லு. ஊட்டம்மாளையும் கேட்டதாச் சொல்லு. அவியளை உட்டுப்போட்டா மரியாதையா இருக்காது."

(ஒப்புட்டு என்றால் போளி.) அன்று வகுப்பு இல்லை. மிஸ்ஸுக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். ஆனால் இரண்டு நாட்களாகக் கம்பெனி முழுக்க என்னைப் 'பிரெஞ்ச் தெரிஞ்சவன்' என்று சொல்லிக்கொண்டிருந்ததில் நானும் அதை நம்ப ஆரம்பித்திருந்தேன். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே வாக்கியத்தை நானே கட்டினேன். நாம் வெறுமனே 'கொடுப்பேன்' என்றா சொல்கிறோம்? 'செஞ்சு குடுப்பேன்' என்கிறோம். பிரெஞ்சில் 'ஃபேர்' என்றால் செய்வது. 'பேயே' என்றால் காசு கொடுப்பது; தக்காளிக் கடையில் படித்தது. செஞ்சு குடுக்க, ஃபேர் பேயே. இரண்டும் பூட்டும் சாவியும் போலப் பொருந்தின. ஜ வே வூ ல ஃபேர் பேயே. உங்களுக்கு அதைச் செஞ்சு குடுப்பேன்.

மறுநாள் பெர்னார் கிளம்பும் நேரம். கீழே கார் நிற்கிறது. மேலே மீட்டிங் அறையில் முதலாளி, மேனேஜர், இன்னும் சிலர். ஒப்புட்டு நிரம்பிய டப்பாவை அம்மா சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டியிருந்தார். அதோடு உள்ளே நுழைந்தேன்.

பெர்னார் என்னைப் பார்த்து மலர்ந்து, "ஸா வூ திரே த வெனீர் ஷே நூ, பூபதி?" என்றார்.

முன்பாதி எனக்குப் புரியவில்லை. 'வெனீர்' என்றால் வருவது, 'ஷே நூ' என்றால் எங்கள் வீட்டில். ஓகோ, ஒருக்கா ஊட்டுக்கு வாங்க என்று மரியாதைக்குக் கூப்பிடுகிறார் என்று முடிவு செய்தேன். எங்கள் ஊரில் கிளம்புகிற எல்லோரும் இப்படித்தான் கூப்பிடுவார்கள். யாரும் போக மாட்டார்கள். நானும் மரியாதையாகத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, "மெர்சி" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "நொன்?" என்றார்.

நன்றியெல்லாம் எதற்கு, வேண்டாம் என்கிறார் போல. நான் விடுவேனா? இன்னும் பலமாகத் தலையை ஆட்டி, "மெர்சி, மெர்சி" என்றேன். பிறகு அவர் பக்கத்தில் போய், முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, பணிவாக, தாழ்ந்த குரலில் சொன்னேன்:

"ஜ வே வூ ல ஃபேர் பேயே, மிஸ்யே."

அவர் அசையவில்லை. அம்மா சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது. "எ வோத்ர் ஃபாம் ஒஸி" என்று சேர்த்தேன். உங்கள் மனைவிக்கும் கூட. சொல்லிவிட்டுக் கயிறு கட்டிய டப்பாவை நீட்டினேன்.

அவர் அதைக் கையில் வாங்கவில்லை. மேசையின் அந்தக் கோடியில் வைக்கும்படி விரலால் காட்டினார்.

அவர் கார் ஏறியதும், டப்பாவையும் பின்னாலேயே ஏற்றி அனுப்பிவிட்டு, மேனேஜர் என் தோளில் தட்டி, "கலக்கிட்டப்பா. மனுசனுக்குப் பேச்சே வரலை, பாத்தியா?" என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த வகுப்பில், தக்காளியைத் தாண்டி நான் போய்விட்ட தூரத்தைக் காட்டுவதற்காக, எல்லோர் முன்னாலும் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். மிஸ் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"பிரான்ஸ்ல இருந்து வந்தவருகிட்டங்க மிஸ்."

"இலக்கணம் சுத்தமா இருக்கு. இத்தனை நாள்ல நீங்க தப்பில்லாம பேசின ஒரே வாக்கியம் இதுதான்." அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். "ஆனா 'ஃபேர் பேயே'ன்னா செஞ்சு குடுக்கறது இல்லை, பூபதி. அனுபவிக்க வெக்கறது. இதுக்கு உங்களைச் சும்மா விட மாட்டேன், உங்க பொண்டாட்டியையும் சேர்த்துன்னு சொல்லியிருக்கீங்க."

வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது. நான் இன்னொன்றும் கேட்டுத் தொலைத்தேன். பெர்னார் முதலில் கேட்டது என்ன என்று. "எங்ககிட்ட வர விருப்பமான்னு கேட்டிருக்கார். பிரான்சுக்கு. அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"மெர்சின்னுங்க மிஸ்."

"ஒண்ணைக் குடுக்க வரும்போது வெறும் மெர்சின்னா, வேண்டாம்னு அர்த்தம்."

நான் எங்கே உட்கார்ந்தேன், எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. காந்திபுரத்தில் பஸ் மாற வேண்டியவன், இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு ஸ்டாண்டிலேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு போலீஸ்காரர் வந்து, "எதையாவது தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டார். பிரான்சைத் தொலைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை கம்பெனி வாசலில் டிரைவர் செல்வண்ணன் பிடித்துக்கொண்டார். பெர்னாரை ஏர்போர்ட்டில் விட்டவர் அவர்தான்.

"ஏனுங் தம்பி, அந்த டப்பாவுல என்னங்க வெச்சீங்க? போற வழில வண்டிய ஓரங்கட்டச் சொல்லிப்போட்டு, என்னையத் தொறக்கச் சொன்னாரு. அவரு வண்டிய உட்டு எறங்கி, தள்ளி நின்னுக்கிட்டாருங்க. தொறந்தா ஒப்புட்டு. சும்மா பாத்துட்டிருக்க முடியுங்களா? ரெண்டு தின்னேன். என்னையவே செத்த நேரம் உத்துப் பாத்தாரு. நான் நல்லாத்தான் இருக்கறன்னு தெரிஞ்சதும் அவரும் ஒண்ண எடுத்தாரு. அப்பறம் ஏர்போர்ட் போற வரைக்கும் டப்பாவ மடிய உட்டு எறக்கவே இல்லீங்க."

அந்த வாரமே மின்னஞ்சல் வந்தது. மேனேஜர் என்னை நிற்க வைத்துப் படித்தார். பெர்னார் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். 'பூபதிக்கு எங்களிடம் வர விருப்பமில்லை என்பதை மதிக்கிறேன். அவர் என்னையும் என் மனைவியையும் பழிவாங்குவதாகச் சொன்னார். அதன்பிறகு என் வாழ்க்கையிலேயே நான் சாப்பிடாத அளவு சுவையான ஒன்றைக் கொடுத்தார். இவற்றுக்குள் என்ன தொடர்பு என்று அறிய ஆவல்.'

"என்ன தொடர்புன்னு எனக்கும் அறிய ஆவல்" என்றார் மேனேஜர்.

ஆங்கிலத்தில் நீளமாக விளக்கம் எழுதினேன். போசி, ஃபேர் பேயே, தலையாட்டல் எல்லாவற்றையும் எழுதினேன். ஆனால் அதற்குள் டிசைன் பிரிவு தினேஷிடம் பயிற்சிக்குப் போகிறாயா என்று கேட்டிருந்தார்கள். தினேஷுக்குப் பிரெஞ்சில் ஒரு எழுத்து தெரியாது. "எஸ் சார்" என்றான். போய்விட்டான்.

இதை அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். அவர் கட்டிலில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

"அப்ப அவர நீ மெரட்டிப்போட்டயா?"

"ஆமாங்ப்பா."

"அவிய ஊட்டம்மாளையுமா?"

"ஆமாங்ப்பா."

அவர் மறுபடி தைலத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். எனக்கு நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. அடுப்படிக்குப் போய் ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினேன். டம்ளரை வாங்கி, ஒரு வாய் குடித்து, என்னை நிமிர்ந்து பார்த்துக் கடுமையான குரலில், "இதுக்கு உன்னையச் சும்மா உட மாட்டன்டா" என்றார்.

அடுப்படியில் அம்மா வெடித்துச் சிரித்த பிறகுதான் அப்பா எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார் என்பது உறைத்தது. அப்படி ஒன்றை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பேக்கரில கேட்டா என்னங்ப்பா சொல்லுவீங்க?"

"வெள்ளக்காரனையே மெரட்டி உட்டுப்போட்டான்னு சொல்லிக்கறேன். நீ போய்த் தூங்கு."

சொல்லவும் சொன்னார். வழியில் என்னைப் பார்ப்பவர்கள் கொஞ்ச நாள் தள்ளி நின்றே பேசினார்கள்.

சில மாதங்கள் கழித்து ஒரு பார்சல் வந்தது. அதே பூனை டப்பா. உள்ளே பிஸ்கட். மேலே ஒரு அட்டை: 'ஆ ஷார்ஜ் த ரெவான்ஷ். பெர்னார்.' ரெவான்ஷ் என்பதை அகராதியில் தேடினேன். முதல் பொருளே பழிக்குப் பழி. என் விளக்கம் எடுபடவில்லை, மனிதர் பதிலுக்கு மிரட்டுகிறார் என்று நினைத்துப் பிஸ்கட்டை யாரும் தொடக் கூடாது என்றேன். (அம்மா அதற்குள் நாலு சாப்பிட்டிருந்தார்.) டப்பாவைத் தூக்கிக்கொண்டு பீளமேட்டுக்கு ஓடினேன்.

மிஸ் அட்டையைப் படித்துவிட்டு ஒரு பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டார்.

"மார்க்கெட் பாடத்துல ஒண்ணு கேட்டீங்களே, நல்லது செஞ்சவருக்குத் திருப்பிச் செய்வேன்னு எப்படிச் சொல்றதுன்னு? அதுதான் இது. இப்ப நீங்க செஞ்சதுக்கு அடுத்த தடவை என் முறை. பிரெஞ்சுக்காரங்க அதைச் சொல்ற வழியே இப்படித்தான். பழிவாங்கறதும் கைம்மாறும் அவங்களுக்கு ஒரே சொல்."

நான் சொல்ல வந்ததை அவர் சொல்லிவிட்டார். அதுவும் மிரட்டல் மாதிரிதான் இருந்தது. அன்றைக்கு பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. கால் ஆடவில்லை என்பதை இறங்கும்போதுதான் கவனித்தேன்.

அடுத்த முறை கோயம்புத்தூர் வந்தபோது பெர்னார் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். இலையில் அரிசிம்பருப்புச் சோறு, நெய், கடைசியில் ஒப்புட்டு. செல்வண்ணன் வழியில் ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறார் போல. சாப்பிட்டு நிமிர்ந்தவர் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பி, ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்தார்:

"உங்-களை... சும்-மா... உட... மாட்-டனுங்க."

அந்த 'ங்க'வில் அம்மா உருகிப்போனார். "அதுக்கென்னுங்க, உடாதீங்க. இன்னொரு ஒப்புட்டு வெக்கட்டுங்களா?"

"மெர்சி" என்றார் பெர்னார், வயிற்றைத் தடவிக்கொண்டு.

அம்மா இரண்டு வைத்தார். அவர் மறுபடி "மெர்சி, மெர்சி" என்றார். அம்மா இன்னும் இரண்டு வைத்தார். அந்த அறையில் அவரைத் தவிர அதன் அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாயைத் திறக்கவில்லை. முழுவதையும் சாப்பிட்டு முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, அவர் அந்தப் பழைய கேள்வியையே மறுபடி கேட்டார்: "ஸா வூ திரே த வெனீர் ஷே நூ, பூபதி?"

பிரெஞ்சில் அப்போது நான் நன்றாகவே தேறியிருந்தேன். ஆனாலும் எதற்கு வம்பு என்று "எஸ் சார்" என்றேன்.

போய், பயிற்சி முடித்து, வந்தும்விட்டேன். வீட்டில் அந்த வாக்கியம் மட்டும் நிலைத்துவிட்டது. அப்பா டீ வாங்கும்போது சொல்கிறார். அம்மா பக்கத்து வீட்டுப் போசியைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்கிறார். தெருவுக்கே பழகிவிட்டது. பழகாத ஒரே ஆள், நான் கிளம்பிய அன்று பீளமேடு ஏர்போர்ட் வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர்தான். உள்ளே நுழையப் போன என் கையில் சணல் கயிறு கட்டிய பூனை டப்பா. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா, கூட்டத்துக்கே கேட்கும்படி குரல் கொடுத்தார்:

"கண்ணு, போற எடத்துல ஒருத்தரையும் சும்மா உட்றாத. அந்த ஊட்டம்மாள மொதல்ல பாத்துக்க."

காவலர் டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கயித்த அவுத்துக் காட்டுங்க தம்பி" என்றார்.